முப்பத்தொன்றாம் கடிதம்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் டீச்சரைச் சமையலறை மேசையில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். எதிரே முப்பத்தொரு கடிதங்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் காபி. முப்பது கடிதங்களைப் படித்து முடித்திருந்தாள். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. டீச்சர் இப்போதுதான் முப்பத்தொன்றாவதைக் கையில் எடுக்கிறாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. டீச்சர் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பதினோரு வருடம் வெறும் சாக்பீஸை வைத்துக்கொண்டே ஒப்பேற்றியவள். அவள் கரும்பலகையில் மைக்ரோஸ்கோப் வரைந்தால் ஹெட்மாஸ்டரே வாசலில் நின்று பார்ப்பார். என்ன அழகாக வரைந்து என்ன, அதில் யாரும் கண்ணை வைத்துப் பார்க்க முடியாதே!

போன வருடம் ஒரு நாள் முகம் தெரியாத யாரோ அனுப்பிய முதல் பெட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. பர்னர், லென்ஸ், காந்தம், கண்ணாடிக் குழாய், பேட்டரி, செப்புக் கம்பி, எழுத ஒரு பேனா. நான்காவது பெட்டியைப் பிரித்தபோது டீச்சர் அழுதாள் என்பதும், அதை மறைக்கப் பொய்யாகத் தும்மினாள் என்பதும் பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

அந்த முகம் தெரியாதவர் இன்றைக்கு வருகிறார். மூன்றாவது பீரியட். அடுத்த வருடமும் பெட்டி வருமா வராதா என்பதை வகுப்பைப் பார்த்த பிறகுதான் சொல்வாராம்.

வருகிறவருக்குக் கொடுக்கத்தான் இந்தக் கடிதங்கள். ஆளுக்கொன்று. நன்றி மட்டும் சொன்னால் போதாது. ‘என் கையால் நான் செய்தது’ என்று ஒரு காரியத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். பொய் கூடாது. இந்த விதியைப் போட்டதும் டீச்சர்தான்.

முப்பத்தொன்றாவது கடிதம் அவள் சொந்த மகளுடையது. ஒரே பள்ளிக்கூடம், அதே வகுப்பு. மகள் என்பதால் கடைசியில் வைத்திருந்தாள்.

‘வணக்கம். நீங்கள் அனுப்பிய எல்லாவற்றுக்கும் நன்றி. என் கையால் நான் செய்தது: மற்றவர்கள் செய்ததை எழுதினேன். பெட்டியில் வந்த பேனா என்னிடம்தான் இருக்கிறது. நன்றாக எழுதுகிறது. இப்படிக்கு, கிளார்க்.’

அவ்வளவுதான்.

வகுப்பில் தன் மகளுக்குக் கிளார்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே டீச்சருக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

ஏதோ தட்டியது. படித்து வைத்த கடிதங்களை மறுபடியும் புரட்டினாள். காந்தத்தைப் பிரித்தபோது கை உதறியது என்று ஒருவன் எழுதியிருந்தான். வெங்காயத் தோலை லென்ஸ் வைத்துப் பார்த்துச் செங்கல் சுவர் என்று நினைத்தேன் என்று ஒருத்தி. இப்படி ஐந்து கடிதங்கள், முப்பதிலும் இவைதான் பிரமாதம். ஐந்தும் ஒரே கையெழுத்து, முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அ, ஆவிலிருந்து பழக்கியவள் இவளே.

மற்றவர்களுடைய கை என்ன உணர்ந்தது என்று கேட்டுக் கேட்டு மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று வந்தபோது எழுத ஒன்றும் இல்லை.

டீச்சர் அந்தச் சின்னக் கடிதத்தை மறுபடியும் கையில் எடுத்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். “என்ன, யாராவது தப்பும் தவறுமா எழுதிட்டாங்களா? மூஞ்சி இப்படிப் போகுது?”

டீச்சர் கடிதத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். பையைக் கீழே இறக்கினார். இன்னொரு தடவை படித்தார்.

“நல்லாத்தானே எழுதிருக்கா?” என்றார் மெதுவாக.

“அதாங்க பயமா இருக்கு.”

தலையைத் துவட்டிக்கொண்டே மகள் வந்தாள். மேசையில் எந்தக் கடிதம் இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துகொண்டாள்.

“ஒரு தடவைகூடவா தொடல?” என்று கேட்டாள் டீச்சர்.

“ஸ்டூலத் தொட்டிருக்கேன்.”

“விளையாடாதே.”

“நீதானேம்மா என்னை எழுதற வேலைல போட்டே? முதல் வாரம் போட்டது. அப்புறம் மாத்தவே இல்ல. க்ரூப்புல நான் ஏதாவது எடுத்தா, ‘நீ எழுது, உன் கையெழுத்துதான் நல்லா இருக்கு’ன்னு வாங்கிடுவாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“எங்க சொல்றது? ஸ்கூல்ல நீ மிஸ். அங்க அம்மா பொண்ணு பேச்சே கூடாது. வீட்டுல ஸ்கூல் பேச்சு பேசக் கூடாதுன்னும் நீதான் சொல்லிருக்கே. படிக்கட்டுல நின்னு சொல்லவா?”

“லிஃப்ட்டுல சொல்லிருக்கலாம், நான் அங்கதான் இருப்பேன்” என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கிடைத்தது சாக்கு என்று அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க மட்டும் என்ன? அவ உங்க பையைத் திறந்தாலே, ‘ஏய், அதைத் தொடாதே’ன்னு வாசல் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தறீங்களே!”

“கிரீஸ் ஒட்டிக்குமேன்னு சொன்னேன்” என்றார் அவர். சொல்லும்போதே அது ஒரு காரணமாக அவருக்கே படவில்லை.

மகள் துண்டை நாற்காலியில் போட்டாள். “அம்மா, வேணும்னா என் லெட்டரை எடுத்துடு. முப்பது இருந்தாப் போதும். வர்றவங்க உக்காந்து எண்ணவா போறாங்க? இதப் படிச்சுட்டுப் பெட்டி அனுப்பாம விட்டுட்டா எல்லாருக்கும் போச்சு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் சமாளித்திருப்பாள். பிள்ளை நிஜமாகவே எல்லாருக்காகவும் கவலைப்பட்டுச் சொன்னது. அதுதான் தாங்கவில்லை.

முப்பது கடிதங்களைப் பெரிய உறையில் போட்டாள். முப்பத்தொன்றாவதை மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் டீச்சர் அந்த முதல் வாரத்தை நினைத்துக்கொண்டு போனாள். முதல் பெட்டி வந்தபோது, பர்னரைப் பற்ற வைக்க யார் முன்னால் வருகிறீர்கள் என்று கேட்டாள். மகள் கை தூக்கினாள், டீச்சர் அவளைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கமாகப் போன கணக்கு சார் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். “வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் கரண்டியா, டீச்சர்?”

அவர் அன்றைக்கே மறந்திருப்பார். டீச்சர் மறக்கவில்லை. மகளை அப்போதே திருப்பி உட்கார வைத்தவள், அடுத்த நாளே அவளை எழுதுகிற வேலையில் போட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற ஜாக்கிரதையில், அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்தினாள். முப்பது பிள்ளைகளுக்குப் பெட்டி திறந்தது. ஒருத்திக்கு இவளே மூடிவிட்டாள். நியாயமாக நடந்துகொள்கிறோம் என்று ஒரு வருடமாகப் பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தாள், பாருங்கள்!

மூன்றாவது பீரியட் மணி அடித்தது.

வரப்போகிறவர் காரில் வருவார், பின்னால் இரண்டு பேர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று ஹெட்மாஸ்டர் கேட்டருகே காத்திருந்தார். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஒரு அம்மாளைப் பார்த்து, “அட்மிஷன் முடிஞ்சு போச்சுங்க” என்று சொல்லியும்விட்டார். பிறகு அவர் பட்ட அவஸ்தையை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

அந்த அம்மாள் பேக்கரி நடத்துகிறவர். காலர் ஓரத்தில் மைதா மாவு இன்னும் ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய சூட்டுத் தழும்புகள்.

“நாங்க எட்டுப் பேர் சேந்து அனுப்பறோம்” என்றார் வகுப்பைப் பார்த்து. “அடுப்பை விட்டுட்டு எல்லாரும் கிளம்ப முடியாதில்ல? அதான் நான் மட்டும் வந்தேன். நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க, நான் ஒரு ஓரமா இருக்கேன்.”

அன்றைய பாடம் மோட்டார். எட்டு மேசை, எட்டு குழு. மேசைக்கு மேசை ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், கொஞ்சம் வார்னிஷ் பூசிய செப்புக் கம்பி, ஒரு துண்டு உப்புத்தாள். கம்பியை வளையமாகச் சுற்றி, இரண்டு முனைகளையும் ஊக்குகளின் காதில் மாட்டினால் காந்தத்துக்கு மேலே அது சுழல வேண்டும். நேற்றே ஒத்திகை பார்த்தாயிற்று. பத்து நிமிடத்தில் எட்டும் சுழலும்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு மேசையின் ஓரத்திலும் ஒரு நோட்டு, ஒரு பேனா, அழுக்குப் படாத இரண்டு கைகள். தன் மகள் ஒருத்தி மட்டும் இல்லை. எட்டு கிளார்க்குகள். ஒரு வருடமாக அவள் கண் எதிரேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சில கடிதங்களில் ‘அட்டவணை போட்டேன்’, ‘படம் வரைந்தேன்’ என்று மட்டும் இருந்ததன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

“டீச்சர், லெட்டரெல்லாம் எழுதிருக்காங்களாமே? குடுங்க, இப்பவே பாக்கறேன்.”

டீச்சர் உறையைக் கொடுத்தாள். பேக்கரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிரித்தார். ஒன்றை விரலால் தட்டினார். “காந்தத்தைப் பிரிச்சப்போ கை உதறிச்சாம். படிச்சா எனக்கே உதறுது. எழுதின தம்பி யாருப்பா?”

எதையும் முதலில் போய்ப் பிடிக்கிறவன் என்பதால் புயல் என்று பெயரெடுத்தவன் எழுந்து நின்றான். எழுந்தவன் அவரைப் பார்க்கவில்லை. தன் மேசை ஓரத்தில் இருந்த கிளார்க்கைப் பார்த்தான். கிளார்க் நோட்டைப் பார்த்தாள்.

பேக்கரி அம்மாள் கடிதங்களைச் சேர்த்துத் தட்டி, கட்டைவிரலால் விர்ரென்று தள்ளினார். “முப்பது இருக்கு. பிள்ளைங்க முப்பத்தொண்ணுன்னு சொன்னாங்களே?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். “தப்பா நினைக்காதீங்க டீச்சர். தினமும் ரொட்டி எண்ணற கை, அதுவா எண்ணிடுது.”

மகள் நிமிர்ந்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

டீச்சர் கைப்பையைத் திறந்தாள். உள்ஜிப் சிக்கிக்கொண்டது. இழுத்துத் திறந்து கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சின்னக் கடிதம்தான். அதைப் படிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்றதில் பத்தைப் படித்திருக்கலாம்.

“இது என் பொண்ணு எழுதினதுங்க” என்றாள் டீச்சர். “அவ மேல தப்பில்ல. என் பொண்ணுங்கறதால யாரும் எதுவும் சொல்லிடுவாங்களோன்னு, நான்தான் அவளைத் தொட விடாம வச்சுட்டேன். இப்பப் பாத்தா இந்த வகுப்புல இன்னும் ஏழு பேர் அப்படி இருக்காங்க. நீங்க அனுப்பினது அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்ல. நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி, இதை மறைச்சுட்டு உங்ககிட்ட நன்றி சொல்ல எனக்கு வாய் வரல.”

பிறகு வகுப்புப் பக்கம் திரும்பினாள். “ஒத்திகையை மறந்துடுங்க. இன்னிக்கு எழுதறவங்க செய்யணும். செய்யறவங்க எழுதணும். மாறி உக்காருங்க.”

அதற்கப்புறம் நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. ஒரு மேசையில் காந்தம் உருண்டு ஓடியது. இன்னொன்றில் பேட்டரியைத் தலைகீழாக வைப்பதா நேராக வைப்பதா என்று பஞ்சாயத்து நடந்தது. பேனாவை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி பிடித்துக்கொண்டு புயல் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு முழித்தான். வாசலில் நின்ற ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் கம்பியைச் சுற்றினாள். பத்துச் சுற்று. உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்தாள். மாட்டினாள். விரலால் தட்டிவிட்டாள். வளையம் இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம் ஆடி நின்றுவிட்டது.

மறுபடி தட்டினாள். நின்றுவிட்டது. ஊக்கை நிமிர்த்தினாள், காந்தத்தை நகர்த்தினாள். நின்றுவிட்டது.

என்ன தப்பு என்று டீச்சருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு முனையில் வார்னிஷை முழுக்கச் சுரண்ட வேண்டும். இன்னொன்றில் மேல் பாதியை மட்டும். அரைச் சுற்றுக்கு மின்சாரம் போக வேண்டும், அரைச் சுற்றுக்கு நிற்க வேண்டும். அப்போதுதான் வளையம் முழுசாகச் சுற்றும். மகள் இரண்டையும் பளபளவென்று சுரண்டி வைத்திருந்தாள். இதே விதியை நேற்று நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியவளும் அவள்தான்!

சொல்ல வாய் வரை வந்தது. கையும் பரபரத்தது. டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு வருடம் தள்ளி வைத்தது போதாதா, இப்போது பிடுங்கிக்கொள்ள வேறு வேண்டுமா?

பேக்கரி அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்து மகள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு கம்பி குடும்மா. நான் படிச்ச ஸ்கூல்ல மைக்ரோஸ்கோப் ஒண்ணு இருந்துச்சு. பூட்டின அலமாரில. கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே அஞ்சு வருஷம் ஓடிடுச்சு.”

இரண்டு பேரும் சேர்ந்து தோற்றார்கள். அவர் சுற்றிய வளையம் முறுக்குப் பிசகிக் கீழே விழுந்தது. மகளுடையது நாலாவது தடவையும் நின்றது. நின்ற வளையத்தை அவசரமாக எடுக்கப் போய், “ஸ்ஸ்!” என்று விரலை உதறினாள். கம்பி நன்றாகச் சூடேறியிருந்தது.

“எழுதும்போது சுடல” என்றாள் தனக்குத்தானே.

அப்புறம் விரலை வாயில் வைத்தபடியே புயல் பக்கம் திரும்பினாள். “டேய், நேத்து நோட்டுல நாலாவது பாயின்ட் படி.”

புயல் படித்தான். “ஒரு முனையில் மேல் பாதி மட்டும்…”

“அட ராமா!” என்றாள் மகள்.

புதுக் கம்பி எடுத்தாள். சுற்றினாள். ஒரு முனையை முழுக்கத் தேய்த்தாள். மறு முனையை மேசையில் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேல் பக்கத்தை மட்டும் தேய்த்தாள். மாட்டினாள். தட்டினாள்.

வளையம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சுற்றியது. வேகமெடுத்தது. கம்பி கண்ணுக்கே தெரியாமல் போகிற அளவுக்குச் சுற்றியது.

“அம்மா! சுத்துதும்மா! அம்மா, இங்க பாரேன்!”

அந்த வகுப்பில் அந்த வார்த்தை அதுவரை கேட்டதே இல்லை. வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “சாரி மிஸ்” என்றாள்.

மிஸ் எங்கே இருந்தாள்? அம்மாதான் இருந்தாள். அவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக மூன்று. இந்தத் தடவை யாரும் ஏமாறவில்லை.

மணி அடிப்பதற்குள் எட்டில் ஐந்து சுழன்றது. மூன்று சுழலவில்லை. அந்த மூன்று மேசைகளிலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள்.

பேக்கரி அம்மாள் மகளுடைய விரலைப் பிடித்துப் பார்த்தார். கொப்புளம் வைக்க ஆரம்பித்திருந்தது. தன் கையை அதன் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். “இது கேக் தட்டு. இது ரொட்டி அடுப்பு. இது என் அவசரம். வா, நீயும் சேந்துட்டே.” அப்புறம் குனிந்து அவள் காதில் ஏதோ நீளமாகச் சொன்னார். மகளுடைய கண் விரிந்தது.

வாசலில் டீச்சர் கை கூப்பினாள். நாள் கணக்காக யோசித்து வைத்திருந்த நன்றியுரையில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. “ரொம்ப நன்றிங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.”

“நான் இல்ல சொல்லணும்? இத்தனை நாள் அனுப்பினோம், இன்னிக்குத்தான் தொட்டேன்.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். “பெட்டி வரும் டீச்சர். ஒரு நிபந்தனை இருக்கு. அதை உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அவ சொல்லுவா. அந்தச் சின்ன லெட்டரை நான் எடுத்துட்டுப் போறேன். கடையில ஒட்டி வைக்கணும்.”

“ஐயோ, அதை எதுக்குங்க?”

“நாங்க எட்டுப் பேரும் ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சோம்.”

ஸ்கூட்டர் போய்விட்டது. டீச்சர் வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கணக்கு சார் வந்து, “என்ன டீச்சர், தேர்வாயிட்டமா?” என்று கேட்டார். “ஆயிட்டோம் சார்” என்றாள். அவர் மேல் அவளுக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நிபந்தனை என்னவென்று கேட்டாள். “லெட்டர் எழுதிட்டு சொல்றேன்” என்றாள் மகள். கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். மசியவில்லை. இவ்வளவு அழுத்தம் யாரிடமிருந்து வந்தது என்று டீச்சர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

டீச்சர் சமையலறையில் விளக்கைப் போட்டபோது புதுக் கடிதம் மேசையில் இருந்தது, காலையில் பழையது இருந்த அதே இடத்தில். எடுத்துப் பார்த்தவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. எழுத்துகள் கோணல்மாணலாக ஏறி இறங்கின. வரி ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிற்று.

‘வணக்கம். கையெழுத்துக்கு மன்னிக்கவும், விரலில் கொப்புளம். என் கையால் நான் செய்தது: ஒரு மோட்டார். நாலு தடவை சுற்றவில்லை. ஐந்தாவது தடவை சுற்றியது. சூடு எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் நான் கேட்டுத்தான் எழுதினேன். இன்றைக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் எட்டுப் பேருக்கும் நன்றி. அம்மாவுக்கும் நன்றி, அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். உங்கள் நிபந்தனையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அதற்கு முதலில் அப்பாவிடமிருந்து ஒரு சாமான் வேண்டும்.’

டீச்சர் அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு அழகான கையெழுத்தை அவள் மகள் இதுவரை எழுதியதே இல்லை.

கூடத்தில் டூல் பையின் ஜிப் சர்ரென்று திறக்கிற சத்தம் கேட்டது. உடனே கணவரின் குரல், வழக்கம் போல வாசல் வரைக்கும்.

“ஏய், அதைத் தொடா…”

பாதியில் நின்றுவிட்டது.

“அந்த ஸ்க்ரூ டிரைவர் பெரிசு” என்றார் அப்பா. “பக்கத்துல இருக்கு பாரு, அந்தச் சின்னதை எடு.”